ரெயின்கோட் போட்ட மணல் மூட்டை

அன்பும் அதட்டலும் ஒருங்கே அமைந்த என் வீட்டம்மாவுக்கு,

உன் எடைமேடைக்காரன் எழுதுகிறேன். நான் நலம். நீயும் உன் வார்டும் நலம்தானா? போனில் கேட்டால் வழவழா கொழகொழா என்று பேசுகிறேன், எழுதினால்தான் உருப்படியாக ஒரு பதில் வரும் என்று சொல்லிவிட்டாய். சரி, எழுதுகிறேன். பதில் உருப்படியாக இருக்கும் என்று மட்டும் நான் எந்த உத்தரவாதமும் தரவில்லை.

நீ கேட்டது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. இன்னும் இரண்டு வருடம் அந்த வெளிநாட்டு ஆஸ்பத்திரியிலேயே இருக்கச் சொல்கிறார்கள், புதிதாக வரும் நர்ஸ் பெண்களுக்கெல்லாம் இனி நீதான் பயிற்சி கொடுக்க வேண்டுமாம், அடுத்த மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டுமாம். நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டாய். அதற்கு வருகிறேன். முதலில் வண்டி விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உன் தங்கை ஏற்கெனவே பற்றவைத்திருப்பாள். அவள் சொன்னதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி அதைவிட மோசம்.

வண்டி ஆடுகிறது. தெருவுக்குள் ஓட்டும்போது ஒன்றும் தெரிவதில்லை, பரம சாது. பைபாஸில் ஏறி எழுபதைத் தாண்டியதும் ஹேண்டில்பார் லேசாக நடுங்க ஆரம்பிக்கும். எண்பதில் நன்றாகவே தலையை ஆட்டும், ‘நான் வரமாட்டேன் போ’ என்று அடம்பிடிக்கிற குழந்தை மாதிரி. பக்கத்தில் லாரி போனால் அந்தக் காற்றில் கேட்கவே வேண்டாம். மெதுவாகப் போங்களேன் என்று நீ சொல்வாய். உனக்குத்தான் அந்த ரோடு தெரியுமே! ஐம்பதில் போனால் பின்னால் வருகிற லாரி ஹார்ன் அடித்தே நம்மைச் சாலையை விட்டு இறக்கிவிடும். அதில் பாதி லாரி என்னிடம்தான் எடை போட வருகிறது என்பது வேறு விஷயம்.

நீ போன பிறகுதான் இது ஆரம்பித்தது. உன் மேல் பழியைப் போடப் பார்க்கிறேன் என்று நினைக்காதே. போடத்தான் போகிறேன், கொஞ்சம் பொறு.

மெக்கானிக் மொட்டையிடம் கொண்டுபோனேன். (அவன் தலையில் இப்போது ஒரு குருவி கூடு கட்டலாம், ஆனாலும் அந்தப் பெயர் போகவில்லை.) முன் டயர் தேய்ந்திருக்கிறது என்று மாற்றினான். ஆட்டம் நிற்கவில்லை. ஹேண்டிலுக்குக் கீழே இருக்கிற கோன் செட் லூசாக இருக்கும் என்று பிரித்துப் புதிதாகப் போட்டான். நிற்கவில்லை. சக்கரத்தைக் கழற்றிச் சுற்றிப் பார்த்தான், கோட்டம் ஏதும் இல்லை. கடைசியில் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, “வண்டி பத்தரை மாத்துத் தங்கம்ணே, ஓட்டுறவரைத்தான் கொஞ்சம் பிரிச்சுப் பாக்கணும்” என்று சொல்லிவிட்டான். அவன் பொண்டாட்டி உள்ளேயிருந்து சிரித்தது எனக்குக் கேட்டது.

அப்போதுதான் உன் தங்கைக்கு ஏதோ பரீட்சை வந்தது. மையம் பைபாஸுக்கு அந்தப் பக்கம், பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டாள். “மாமா, ஏறிக்கிறேன், ஆனா அக்காவுக்கு எழுதி வச்சுட்டுத்தான் ஏறுவேன்” என்று உயில் எழுதுகிற மாதிரி பேசிவிட்டுத்தான் பின்னால் உட்கார்ந்தாள். நீ நம்பமாட்டாய், எண்பதில் வண்டி கோடு போட்ட மாதிரி போனது. ஒரு நடுக்கம், ஒரு உதறல் கிடையாது. இறங்கியதும் அவளே, “இந்த வண்டியையா அவ்வளவு குறை சொன்னேன்” என்று கேட்டுவிட்டுப் போனாள். அந்தப் பகுதியை உன்னிடம் சொல்லியிருக்கமாட்டாள்.

எனக்கு மூளையில் பல்பு எரிந்தது. இத்தனை வருடமாகத் தினமும் உன்னை ஏற்றிக்கொண்டு போய் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டுத்தானே நான் வேலைக்குப் போவேன்? இந்த வண்டிக்குப் பின்னால் ஓர் ஆள் வேண்டும். ஆளுக்கு எங்கே போவது? ஆள் இல்லையென்றால் எடை. எடையைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டுமா? எடைமேடைப் பக்கத்தில் லாரியிலிருந்து சிந்தின மணல் கிடக்கவே கிடக்கிறது. சாக்கில் அள்ளி, சின்னத் தராசில் வைத்து, சரியாக உன் எடைக்குக் கட்டிவிட்டேன். உன் எடை எவ்வளவு என்று இந்தக் கடிதத்தில் எழுதமாட்டேன். எனக்கும் உயிர் மேல் ஆசை இருக்கிறது. ஆனால் ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறினாயே, அப்புறம் பெட்டி இல்லாமல் ஏறினாயே, அதை எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொள்ளாதே.

நாளைக் காலை மூட்டையோடு முதல் பயணம். இனி கவலையை விடு, பிரச்சினை முடிந்தது.

நீ கேட்டதற்குப் பதில் எழுத இந்தத் தாளில் இடம் போதவில்லை. இடம் இருக்கிறது, எனக்குத்தான் போதவில்லை. அடுத்ததில் எழுதுகிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடு. அந்தக் குளிரில் ஈரத் தலையோடு டியூட்டிக்கு ஓடாதே.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
எடைமேடைக்காரன்

* * *

என் கோபக்கார வீட்டம்மாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. திட்டு மொத்தமும் சேதாரம் இல்லாமல் வந்து சேர்ந்தது. ‘எனக்குப் பதில் ஒரு மணல் மூட்டையா’ என்று கேட்டு அதன் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறாய். வண்டியைத் தலையைச் சுற்றி வீசிவிட்டு பஸ்ஸில் போங்கள் என்றும் எழுதியிருக்கிறாய். கொஞ்சம் உட்கார்ந்து இதைப் படி. நின்றுகொண்டு படித்தால் உனக்கு இன்னும் கோபம் வரும்.

மூட்டை சீட்டில் நிற்கவில்லை, சறுக்கிக்கொண்டே இருந்தது. அதனால் சீட்டுக்குப் பின்னால் இருக்கிற கேரியரில் வைத்து இறுக்கிக் கட்டினேன். அன்றைக்குப் பார்த்துத் தூறல். நனைந்த மணல் எடை கூடிவிடும், மணல் லாரிக்காரர்கள் என்னிடம் காட்டாத வித்தையா? எடை மாறிவிடக் கூடாதே என்று உன் பழைய ரெயின்கோட்டை எடுத்து அதற்குப் போட்டுவிட்டேன். தொப்பியோடு. சரியாக அந்த நேரம் பார்த்து உன் தங்கை கேட்டைத் திறந்துகொண்டு வந்தாள். அவள் போட்ட அலறலில் எதிர் வீட்டு மாடியிலிருந்து நான்கு தலை எட்டிப்பார்த்தது. “மாமா, யாரு மாமா அது, ஏன் மாமா கட்டி வச்சிருக்கீங்க” என்று கேட்டவள், மூட்டை என்று தெரிந்ததும் சிரிக்கவில்லை. உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டாள். அவள் உனக்கு எழுதாத விஷயம் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

பைபாஸில் ஏறினேன். முன்பு ஹேண்டில் மட்டும்தான் ஆடும். இப்போது வண்டி மொத்தமும் ஆடியது, பின்பக்கம் இந்தப் பக்கம் ஒரு இழுப்பு, அந்தப் பக்கம் ஒரு இழுப்பு. முன் சக்கரம் தரையில் இருக்கிறதா இல்லையா என்றே கைக்குத் தெரியவில்லை. ஓரமாக உருட்டிக்கொண்டே திரும்பி நேராக மொட்டையிடம் போய் நின்றேன்.

அவன் ரெயின்கோட்டைப் பார்த்தான், உள்ளே இருக்கிற சாக்கைப் பார்த்தான், தரையில் உட்கார்ந்துவிட்டான். சிரித்து முடிக்கவே ரொம்ப நேரம் ஆனது. அப்புறம், “எவ்ளோ எடைங்கறதுதான்ணே உங்க வேலை. எந்த இடத்துல உக்காருதுங்கறதை நீங்க என்னைக்குப் பாத்தீங்க? அண்ணி உங்க முதுகை ஒட்டி உக்காருவாங்க. நீங்க சாஞ்சா அவங்களும் சாய்வாங்க. இது வால்ல தொங்குது. பின்னாடி அமுக்கி முன் சக்கரத்தைத் தூக்குது. அண்ணி என்ன மூட்டையா?” என்றான். என் மேடையில் ஏறுகிற லாரியில் சரக்கு முன்னால் இருந்தால் என்ன, பின்னால் இருந்தால் என்ன, எனக்கு ஒரே எண்தான் வரும். அந்தப் புத்தியோடு வண்டி ஓட்டியிருக்கிறேன்.

மூட்டையை அவிழ்க்கக் குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டான். பின் சக்கரத்து ஸ்பிரிங்கைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும். அதைத் திருப்பித் திருப்பி மேலே ஏற்றினால் ஸ்பிரிங் இறுகும், இறக்கினால் தளரும். அது கடைசிப் படியில் நின்றது. யார் இதை இவ்வளவு ஏற்றினது என்று கேட்டான். நீதான். வேகத்தடையில் தூக்கித் தூக்கிப் போடுகிறது, இடுப்பு போய்விட்டது என்று ஒற்றைக் காலில் நின்று, அவனிடமே சொல்லி ஏற்ற வைத்தாய். அவனும் மறந்துவிட்டான், நானும் மறந்துவிட்டேன்.

விஷயம் அவ்வளவுதான். இரண்டு பேர் உட்கார்ந்தால் அந்த ஸ்பிரிங் அமுங்கி வண்டி மட்டமாக நிற்கும். நான் ஒருவன் மட்டும் ஏறினால் பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும், மூக்கு கீழே போகும், முன் சக்கரத்தைப் பிடித்திருக்கிற போர்க் நிமிர்ந்துவிடும். அப்படி நிமிர்ந்தால் வேகத்தில் ஹேண்டிலுக்குப் பிடிமானம் குறைந்துவிடுமாம். உன் தங்கை ஏறினபோது ஏன் ஆடவில்லை என்று இப்போது புரிகிறதா? பின் டயரில் காற்றும் இரண்டு பேருக்கான காற்றுதான். பழக்க தோஷத்தில் நான் அப்படியே அடைத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

மொட்டை ஸ்பேனரை எடுத்து வந்தான். “ஒரு நிமிஷ வேலைண்ணே. இப்ப ஒருத்தர்தானே போறீங்க?” என்று கேட்டான்.

நான் இரண்டு பேர் என்றேன்.

அவன் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். அண்ணி எப்ப வர்றாங்க என்று கேட்டான். வருவா என்றேன். அந்த வளையத்தில் கை வைக்காதே என்று சொல்லி, மூட்டையை மட்டும் இறக்கிப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? அந்த வளையத்தை ஒருவனுக்கு என்று இறக்கினால், அங்கே நீ கையெழுத்துப் போட்டுவிடுவாய் என்று எனக்கு ஒரு நினைப்பு. பைத்தியக்காரத்தனம்தான். இங்கே ஒரு ஸ்பிரிங்கைத் திருப்பினால் கடல் தாண்டி உன் பேனா திறந்துகொள்ளுமா? இது தெரிந்தும் அந்த வாரம் முழுக்க ஆடுகிற வண்டியிலேயே போய்வந்தேன். கழுத்து வலித்தது, கை மரத்துப் போனது. உன் தங்கை கேட்டதற்கு எல்லாம் சரியாகிவிட்டது என்று கரடி விட்டேன்.

இனி வருவதைப் படித்துவிட்டு அழாதே. நான் முழுசாக உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

மரங்கள் முடிந்து வெட்டவெளி ஆரம்பிக்கிற இறக்கம் இருக்கிறதல்லவா, நீ எப்போதும் துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொள்கிற இடம். அங்கே ஒரு டிரெய்லர் லாரி பின்னாலிருந்து வந்து என்னை ஒட்டித் தாண்டியது. அதன் காற்று ஒரு தள்ளு தள்ளியது, ஹேண்டில் உதற ஆரம்பித்தது. இந்தத் தடவை நிற்கவே இல்லை. இரண்டு கையையும் பிடுங்கிக்கொண்டு போகிற மாதிரி அடித்தது. நான் இறுக்கிப் பிடித்தேன், அது இன்னும் அதிகமாக அடித்தது. பிரேக் பிடிக்காதே, கையைத் தளர விடு, நெஞ்சை டேங்கில் சாய்த்துக்கொள், ஆக்ஸிலேட்டரை மெதுவாக இறக்கு என்று மொட்டை எப்போதோ சொன்னது எப்படியோ ஞாபகம் வந்தது. அப்படிச் செய்தபோது எனக்கும் லாரிச் சக்கரத்துக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருந்தது என்று நான் சொல்லப்போவதில்லை. வண்டி ஓரத்து ஜல்லியில் இறங்கி நின்றது. விழவில்லை. கீறல்கூட இல்லை. உயிர் போய் உயிர் வந்தது.

பின்னால் வந்த ஒரு லாரிக்காரர் நிறுத்தி இறங்கி வந்தார். நம் மேடைக்கு வழக்கமாக வருகிறவர்தான், எடை கூடிவிட்டது என்று என்னோடு மல்லுக்கு நிற்கிற ஆள். அன்றைக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து என் கையில் கொடுத்து, “வீட்ல யாராச்சும் இருக்காங்களா சார், போன் போடட்டுமா” என்று கேட்டார். இருக்காங்க, தூரத்துல இருக்காங்க என்றேன். தண்ணீரைக் குடித்துவிட்டுப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தேன்.

அங்கிருந்து வேலைக்குப் போகவில்லை. மொட்டையிடம் போய், ஒருவனுக்கு வைத்துவிடு என்றேன். அவன் வளையத்தை இறக்கினான், காற்றைக் குறைத்தான், கேரியரையும் கழற்றித் தூரப் போட்டான். இப்போது எண்பதில் நேராகப் போகிறது. லாரி தாண்டினால் லேசாக ஒரு அசைவு, அவ்வளவுதான், தானே சரியாகிவிடுகிறது. இரண்டு விரலில் பிடித்துக்கொண்டு போகலாம். போகமாட்டேன், பயப்படாதே.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். வா என்று சொன்னால் போட்டது போட்டபடி வந்துவிடுவாய், எனக்குத் தெரியும். இரு என்று சொன்னால் என் நல்லதுக்கு என்று இருந்துவிடுவாய், அதுவும் தெரியும். இரண்டும் எனக்குப் பயமாக இருந்தது, அதனால்தான் தாளில் இடமில்லை என்று டிமிக்கி கொடுத்தேன். அந்தப் பெண்களைப் பற்றிப் பேசும்போது உன் குரலே வேறு மாதிரி இருக்கிறது. ஊசி போடக் கை நடுங்கின பெண் இப்போது தனியாக வார்டைப் பார்த்துக்கொள்கிறாள் என்று அன்றைக்குச் சொன்னாயே, நான் இந்தப் பக்கம் போனைப் பிடித்துக்கொண்டு பெருமையில் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இவர் தனியாக விழுந்துகிழுந்து தொலைப்பார் என்ற பயத்தில் மட்டும் நீ கிளம்பி வரக் கூடாது. அதனால்தான் வண்டியைச் சரிபண்ணிவிட்டு இதை எழுதுகிறேன். தனியாக ஓட்டப் பழகிவிட்டேன். முடிவை உனக்காக எடு. நீங்கள் என்னதான் சொல்கிறீர்கள் என்று திரும்பவும் கேட்பாய், அதனால் சொல்லிவிடுகிறேன்: எனக்கு நீ வர வேண்டும். ரொம்ப வேண்டும். இது என் ஆசை. ஆசைப்படுகிறவன் சொல்வதையெல்லாம் கேட்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

நீ எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

இன்னும் முழுசாக இருக்கும்,
உன் எடைமேடைக்காரன்

* * *

என்னவருக்கு,

துணி அடுக்குகிற அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உங்கள் கடிதத்தைப் படித்தேன். ரெயின்கோட் வரைக்கும் சிரித்தேன். டிரெய்லர் வந்ததும் கீழே உட்கார்ந்துவிட்டேன். பயிற்சிப் பெண்கள் வந்து, என்ன சிஸ்டர் என்று கேட்டார்கள். எங்க வீட்டுக்காரர் ஒரு லூசு என்று சொன்னேன். அதற்கு ஏன் அழுகிறீர்கள் என்று ஒருத்தி கேட்டாள். சின்னப் பெண், அவளுக்கு என்ன தெரியும்?

கோபம் இருக்கிறது. அது போகாது. அந்த ஒரு வாரம் ஆடுகிற வண்டியில் போனீர்களே, அதற்கு நேரில்தான் உங்களுக்குக் கச்சேரி இருக்கிறது. என்னைக் கேட்டிருந்தால் அன்றைக்கே இறக்கச் சொல்லியிருப்பேன். நீங்கள் தனியாகப் போவது எனக்குத் தெரியாதா? உங்களைத் தனியாக விட்டுவிட்டு வந்தவளே நான்தானே? அதை வண்டிகூட ஒத்துக்கொண்டுவிட்டது, நீங்கள்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போடவில்லை. போடாமலும் இல்லை. இப்போது கையில் இருக்கிற பெண்களின் பயிற்சி மழைக்காலத்தோடு முடிகிறது. அவர்களைப் பாதியில் விட்டுவிட்டு வந்தால் எனக்குத் தூக்கம் வராது. அதுவரைக்கும் மட்டும் இருக்கிறேன் என்று மேலதிகாரியிடம் சொன்னேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், அப்புறம் சரி என்றார். உங்கள் பயத்துக்காக வரவில்லை, உங்கள் ஆசைக்காக மட்டும் வரவில்லை. எனக்கும்தான் ஆசை இருக்கிறது. நீங்கள் மட்டும்தான் ஆசைப்படுகிற ஆளா?

வண்டியை விற்க வேண்டாம். காற்றை வாரம் ஒரு தடவை, வண்டி சூடாவதற்கு முன்னால் பாருங்கள். அந்த மணலை எங்கிருந்து அள்ளினீர்களோ அங்கேயே கொட்டிவிடுங்கள். இங்கே சாப்பாடு நன்றாக இருக்கிறது, அந்தப் பழைய கணக்கு இனிமேல் செல்லாது.

ஒரே ஒரு விஷயம் கேட்கிறேன், அதைச் செய்தால் போதும். நான் வருகிறேன் என்று தெரிந்ததும் நீங்கள் குஷியில் இப்போதே மொட்டையிடம் ஓடுவீர்கள், உங்களை எனக்குத் தெரியும். ஓடாதீர்கள். டிக்கெட் எடுத்துவிட்டேன் என்று எழுதினாலும் ஓடாதீர்கள். நான் ஏறிவிட்டேன், இறங்கிவிட்டேன் என்று சொன்னாலும் வேண்டாம். நான் வந்து வண்டிக்குப் பக்கத்தில் நின்று, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, திருப்புங்கள் என்று என் வாயால் சொல்கிறவரைக்கும் அந்த வளையத்தில் கை வைக்காதீர்கள். அதுவரைக்கும் ஒருவராகவே, நேராக, பத்திரமாகப் போய்வந்துகொண்டிருங்கள்.

உங்கள்,
வீட்டம்மா